டிஜிட்டல் நாணயமும் நாங்கள் எழுதிய கதைகளும்

"பெரியம்மா, நீங்கள் பத்திரிகைக்கு எழுதுறனீங்கள்தானே. எங்களைப் பற்றியும் ஒருக்கா நல்லதா எழுதுங்கோவன்."

சென்ற விடுமுறைக்கு வவுனியாவுக்கு வந்திருந்த என் தங்கையின் மகன் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டான். 'எங்களை' என்று அவன் சொன்னது டிஜிட்டல் நாணயத் துறையில் வேலை செய்பவர்களை. கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துகொண்டு, வெளிநாட்டு நிறுவனமொன்றின் டிஜிட்டல் நாணயக் கணக்குகளுக்கு நிரல் எழுதுவது அவன் தொழில். நல்ல சம்பளம். ஆனால் அவனுக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம் இதனாலேயே நின்றுபோனது. பெண்ணின் தகப்பனார், "பிட்கொயின் எண்டால் அந்தக் களவு வேலைதானே?" என்று கேட்டாராம். அதன்பின் என் தங்கை யாரிடமும் விபரம் சொல்வதில்லை. 'கொம்பியூட்டர் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவனுக்குக் கோபம் பத்திரிகைகள் மேலும் தொலைக்காட்சிகள் மேலும்தான். தன் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்த செய்திப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒன்றில் முகத்தை மூடிய ஒருவன் இருட்டில் கணினிக்கு முன்னால் இருக்கிறான். இன்னொன்றில் 'பி' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த பளபளக்கும் தங்க நாணயங்கள் குவியலாகக் கிடக்கின்றன.

"இந்தத் தங்கக் காசு வெறும் அலங்காரம் பெரியம்மா. பிட்கொயின் எண்டது கையில எடுக்கிற பொருளே இல்லை. எழுதுற ஆளுக்கே அது விளங்கேல்லை எண்டால் வாசிக்கிற சனத்துக்கு எப்பிடி விளங்கும்?"

நான் சிரிக்கவில்லை. அதே தங்க நாணயப் படம் என்னுடைய கட்டுரைத் துணுக்கு ஒன்றின் மேலும் ஒருமுறை அச்சாகியிருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், கையில் எடுக்க முடியாத இந்த நாணயம் என்ன என்பதை, மருமகன் எனக்கு விளங்கப்படுத்திய விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்திக் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் அதில். கொப்பி முதலாளியின் கையில் இருப்பதால் அவரை நம்பியே ஆகவேண்டும். அந்தக் கொப்பியின் பிரதி ஊரிலுள்ள எல்லா வீடுகளிலும் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வரி எழுதினால் எல்லாக் கொப்பிகளிலும் அந்த வரி ஏறிவிடும். ஒரு வீட்டுக்காரர் இரவோடு இரவாக ஓர் எண்ணை அழித்தாலும் மற்ற வீட்டுக் கொப்பிகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பிட்கொயின் என்பது அப்படி ஒரு பொதுக் கொப்பி. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் பிரதிகள் இருக்கின்றன. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேர்கிறது. மொத்தமாக 2 கோடி 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் வரமுடியாது என்பது அதன் விதி. வங்கியோ அரசாங்கமோ அதற்குப் பொறுப்பில்லை. அதுதான் அதன் பெருமை, ஆபத்தும் அதுவேதான். கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டால் போய் முறையிட ஒரு முகாமையாளர் கிடையாது.

2008ஆம் ஆண்டு சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் அல்லது பலர் ஒன்பது பக்க அறிக்கையாக இதை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3ஆம் திகதி அந்தக் கொப்பியின் முதற்பக்கம் எழுதப்பட்டபோது, அன்றைய இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் தலைப்புச் செய்தி ஒன்றையும் அதில் சேர்த்து எழுதினார்கள். நெருக்கடியில் இருந்த வங்கிகளுக்கு அரசாங்கம் இரண்டாந்தடவையும் பணம் கொடுக்கப் போகிறது என்ற செய்தி அது. பத்திரிகைத் தலைப்பு ஒன்றோடு பிறந்த நாணயத்துக்கு, அதன்பின் பத்திரிகைத் தலைப்புகளாலேயே நன்மையும் தீமையும் வந்தன.

மருமகனின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளில் இதைப்பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று குற்றச் செய்தி. 'சில்க் றோட்' என்ற மறைவான இணையச் சந்தையில் போதைப்பொருள் வாங்க இந்த நாணயம் பயன்படுகிறது என்று 2011இல் செய்தி வந்தது. 2013 ஒக்டோபரில் அமெரிக்கப் பொலிசார் அந்தச் சந்தையை மூடினார்கள். 2014 பெப்ரவரியில் தோக்கியோவிலிருந்த 'மவுண்ட் கொக்ஸ்' என்ற நாணய மாற்று நிலையம் வங்குரோத்தானபோது சுமார் 8 இலட்சத்து 50 ஆயிரம் பிட்கொயின்கள் காணாமற்போனதாகச் சொல்லப்பட்டது. அவற்றில் 2 இலட்சம் பின்னர் கண்டெடுக்கப்பட்டன. அலுவலகத்துக்கு வெளியே கொட்டும் பனியில் பதாகையுடன் நின்ற ஒரு வாடிக்கையாளரின் படம் உலகம் முழுவதும் வெளிவந்தது. மற்ற வகை விலைச் செய்தி. ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. 2017 டிசம்பரில் ஒரு பிட்கொயின் 20,000 டொலரை நெருங்கியது. ஒரு வருடத்துக்குள் 4,000 டொலருக்கும் கீழே விழுந்தது. குதிரைப் பந்தய முடிவுபோல வந்த இந்த விலைச் செய்திகள்தாம், என் அபிப்பிராயத்தில், குற்றச் செய்திகளைவிட அதிகம் கெடுதல் செய்தவை. குற்றச் செய்தி வாசித்தவர்கள் பயந்து விலகினார்கள். விலைச் செய்தி வாசித்தவர்கள் பக்கத்தில் போனார்கள்.

"நல்ல செய்தி இல்லாமல் இல்லை" என்று அவன் ஒரு கதை சொன்னான். பெண்களுக்கான சஞ்சிகை என்பதால் அதை இங்கே எழுதத்தான் வேண்டும். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் றோயா மஹ்பூப் என்ற பெண் மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். அவரிடம் வேலை செய்த யுவதிகள் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. சம்பளத்தைக் காசாகக் கொடுத்தால் வீட்டு ஆண்கள் வாங்கிக்கொள்வார்கள். 2013ஆம் ஆண்டளவில் அவர் சம்பளத்தைப் பிட்கொயினாகக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு கைத்தொலைபேசியும் மனதில் வைத்துக்கொள்ளும் சொற்கள் சிலவும் இருந்தால் அந்தப் பணம் அவளுக்கே உரியது. உள்ளூரில் அதைச் செலவழிக்க வழி குறைவாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இருந்தாலும், தன் உழைப்பைத் தன் பெயரில் வைத்திருக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அது என்னவென்று எங்கள் வாசகிகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"இப்பிடியான கதைகளை எழுதினால் பெயர் நல்லா வரும்தானே?" என்றான்.

நான் எழுந்துபோய் வாசற் கதவடியில் நின்று முன்வீட்டைப் பார்த்தேன். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

2021 சித்திரையில், பிட்கொயின் 60,000 டொலரைத் தாண்டியிருந்த நேரத்தில், நான் அரைப் பக்கத் துணுக்கு ஒன்று எழுதினேன். அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் 2010 மே 22ஆம் திகதி 10,000 பிட்கொயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார் என்பதும், அந்த நாணயங்களை வைத்திருந்தால் அவற்றின் பெறுமதி இப்போது அறுபது கோடி டொலர் என்பதும் அதன் சாரம். வெளிநாட்டுச் செய்தியைப் பார்த்து எழுதியது. பிழை ஒன்றும் இல்லை, தகவல்கள் எல்லாம் உண்மை. 'எதிர்காலத்தின் பணம்' என்று தலைப்புப் போட்டேன். மேலே அந்தத் தங்க நாணயப் படம்.

முன்வீட்டு அக்கா முன்பள்ளி ஆசிரியை. கணவர் கட்டாரில் சாரதி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதும், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் நகரத்து மண்டபம் ஒன்றில் கூட்டம் என்று தெரிந்த ஒருவர் இவரை அழைத்துப்போனார். கோட் அணிந்த ஒருவர், "ரூபா விழுந்தாலும் டிஜிட்டல் நாணயம் விழாது" என்று விளங்கப்படுத்தினார். சுவர்த் திரையில் பத்திரிகைத் துண்டுகள் வரிசையாக ஓடின. பிட்கொயின் பற்றிய உண்மையான செய்திகள். அவற்றுக்கு நடுவில் அவர்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்த படச் செய்தி.

அக்கா ஒரு சங்கிலியையும் இரண்டு காப்பையும் அடைவு வைத்து 75,000 ரூபா கட்டினார். கைத்தொலைபேசிச் செயலியில் ஒவ்வொரு நாளும் பணம் கூடிக்கொண்டு போனது. இரண்டு பேரைத் தனக்குக் கீழே சேர்த்தால் வேகமாகக் கூடும் என்றார்கள். தன் சொந்தத் தங்கையையும் முன்பள்ளியில் கூட வேலை செய்யும் பிள்ளையையும் சேர்த்தார். கணவர் வீடு திருத்த அனுப்பிய காசும் போனது. எல்லாமாக 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. பணத்தை மீளக் கேட்டபோது, முதலில் வரி கட்டவேண்டும் என்றார்கள். அதற்கு 30,000 ரூபா தனியாகக் கட்டினார். 2022 கார்த்திகையில் செயலி திறக்கவில்லை. வட்ஸ்அப் குழுவும் மறைந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் எவருக்கும் சொல்லவில்லை. அந்த நாட்களில் இப்படியான மோசடிச் செய்திகள் பத்திரிகையில் வந்தால் வாசிப்பவர்கள் என்ன சொல்வோம்? 'பேராசை, நல்லா வேணும்' என்போம். நானே அவருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவருடைய தங்கை பேச்சை நிறுத்தியிருந்தார். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி பிரமிட் திட்டங்களை நடத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். இரண்டு பேரைச் சேர்த்த தானும் குற்றவாளி என்ற பயம் அவருக்கு.

கடைசியில் ஒருநாள் என்னிடம் அலுமாரியைத் திறந்து காட்டினார். வங்கியில் பணம் வைப்பிலிட்ட சிட்டைகள், அடைவுக் கடைச் சிட்டை, அவற்றோடு மடித்து வைத்த ஒரு காகிதம். என் துணுக்கு.

"நீங்கள் எழுதினதெண்டபடியால்தான் ரீச்சர் நான் பயப்பிடேல்லை" என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல.

இதை நான் மருமகனிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்: "நல்ல பெயர் இல்லாமலோ இந்த மனிசி காசைக் கட்டினது?"

அவன் அன்றிரவே அக்காவின் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான். "பெரியம்மா, இதில நாணயமே இல்லை. உண்மையான நாணயம் எண்டால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் இலக்கம் இருக்கும். பொதுக் கொப்பியில ஆரும் தேடிப் பார்க்கலாம். இதில வெறும் திரையில எழுதிக் காட்டின எண்தான்." அவன் தொழிலின் பெயரைக் கெடுத்தது அவன் தொழிலே அல்லாத ஒன்று. அதைச் செய்தவர்கள் பயன்படுத்திய ஆயுதமோ அந்தத் தொழிலைப் பற்றி வந்த நல்ல செய்திகள்.

எங்கள் ஊரில் மாத்திரம் நடந்த கதை அல்ல இது. 2014இல் ருஜா இக்னாதோவா என்ற பல்கேரியப் பெண்மணி 'வன்கொயின்' என்று ஒன்றைத் தொடங்கினார். நன்றாகப் படித்தவர், அழகாகப் பேசுவார். ஃபோர்ப்ஸ் சஞ்சிகையின் பல்கேரியப் பதிப்பில் பணம் கொடுத்துப் போட்ட விளம்பரப் பக்கம் ஒன்றை, தன் முகம் அச்சான அட்டைப்படம் என்று காட்டி மக்களை நம்பவைத்தார்கள். இலண்டனில் வெம்பிளி அரங்கை நிறைத்துக் கூட்டம் வைத்தார்கள். உலகெங்கும் சுமார் 400 கோடி டொலர் சேர்த்த அந்தத் திட்டத்திலும் பொதுக் கொப்பி என்று ஒன்று இருக்கவில்லை. 2017 ஒக்டோபரில் அவர் சோபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார், அதன்பின் தலைமறைவாகிவிட்டார். 2022இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தான் மிகவும் தேடும் பத்துப் பேரின் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

பொய் நாணயத்தை விடுவோம். உண்மையான நாணயங்களை விற்று வாங்கிய 'எஃப்.ரி.எக்ஸ்' நிறுவனத்துக்கு இருந்த நல்ல பெயர் வேறு எவருக்கும் இருந்திருக்காது. விளையாட்டரங்குக்குப் பெயர் சூட்டினார்கள். 2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் மிகப்பெரிய விளையாட்டுப் போட்டியின் ஒளிபரப்பில் விளம்பரம் போட்டார்கள். சக்கரம் தொடங்கி ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் 'வேண்டாம்' என்று தள்ளும் ஒரு மனிதர், கடைசியில் எஃப்.ரி.எக்ஸையும் வேண்டாம் என்கிறார், அவரைப்போல முட்டாளாக இருக்காதீர்கள் என்பது அந்த விளம்பரத்தின் கருத்து. நடிகர் லரி டேவிட் நடித்தது. அந்தப் பாத்திரம் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான 'வேண்டாம்' அதுவாகத்தான் இருக்கவேண்டும்! அதே ஆண்டு 'ஃபோர்ச்சூன்' சஞ்சிகை நிறுவனரை அட்டையில் போட்டு, அடுத்த வொரன் பஃபெட் இவரா என்று கேட்டது. 2022 நவம்பர் 11ஆம் திகதி நிறுவனம் வங்குரோத்து. 2024 மார்ச்சில் நிறுவனருக்கு 25 வருடச் சிறைத்தண்டனை.

அந்தக் குட்டை உடைத்தது யார் தெரியுமா? டிஜிட்டல் நாணயத்தின் எதிரிகள் அல்லர். 'கொயின்டெஸ்க்' என்ற, டிஜிட்டல் நாணயச் செய்திகளுக்கென்றே இயங்கிய செய்தி நிறுவனம். எஃப்.ரி.எக்ஸின் சகோதர நிறுவனத்தின் கணக்குத் தாளைக் கையில் எடுத்து, சொத்து என்று காட்டப்பட்டதில் பெரும்பகுதி அவர்களே உண்டாக்கிய நாணயம் என்று 2022 நவம்பர் 2ஆம் திகதி எழுதினார்கள். ஒன்பதே நாளில் மாளிகை சரிந்தது. அதன் அதிர்ச்சியில் கொயின்டெஸ்க்கின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான இன்னொரு நிறுவனமும் 2023 ஜனவரியில் வங்குரோத்தானது. தன் வீட்டுக் கூரையும் ஆடும் என்று தெரிந்தும் தெரியாமலும் எழுதிய அந்தச் செய்திக்கு அமெரிக்காவின் போல்க் பத்திரிகை விருது கிடைத்தது. டிஜிட்டல் நாணயத்துக்கு ஊடகத்தில் கொஞ்சமாவது நல்ல பெயர் தேடித்தந்த எழுத்து என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

"அப்ப என்னத்தைத்தான் எழுதப்போறியள்?" என்று மருமகன் கேட்டான். கொஞ்சம் வாடித்தான் போயிருந்தான்.

உன் தொழில் களவு இல்லை என்று எழுதுவேன் என்றேன். அதோடு, அந்தத் துணுக்கில் நான் எழுதாமல் விட்டதையும் எழுதுவேன். 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போன பிட்கொயின் ஒரு வருடத்தில் 16,000 டொலருக்குக் கீழே வந்தது. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிவித்தல்களில் இவற்றின் ஆபத்தைச் சொல்லியிருந்தது. எந்த நிறுவனத்துக்கும் இவ்வகைத் திட்டம் நடத்த அனுமதி கொடுக்கவில்லை என்றும் தெரிவித்திருந்தது. அந்த அறிவித்தல்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் வந்தன, பீட்சாக் கதை பெரிய எழுத்தில் வந்தது.

பிரித்தானியாவில் 2023 ஒக்டோபர் முதல் ஒரு நடைமுறை வந்திருக்கிறது. டிஜிட்டல் நாணய விளம்பரங்கள் எல்லாவற்றிலும் பணம் முழுவதும் போகலாம் என்ற எச்சரிக்கை தெளிவாக இருக்கவேண்டும். முதன்முறை வாங்க வருபவரை 24 மணித்தியாலம் பொறுத்திருக்க வைக்கவேண்டும். நண்பரைச் சேர்த்தால் பரிசு என்று கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

சகோதரிகளே, உங்களிடம் யாராவது டிஜிட்டல் நாணயம் என்று வந்தால், பரிமாற்ற இலக்கத்தைக் கேளுங்கள், அதைப் பொதுக் கொப்பியில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் அது இலாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. காட்டாவிட்டால் அது நாணயமே அல்ல. ஆளைச் சேர்க்கச் சொன்னால் அங்கேயே எழும்பி வாருங்கள். பணத்தை மீள எடுப்பதற்கு மேலும் பணம் கட்டச் சொன்னால் கட்டவேண்டாம்.

மருமகன் கொழும்புக்குத் திரும்ப இரண்டு நாள் பிந்திவிட்டது. அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்து வங்கிச் சிட்டைகளைத் திகதிப்படி அடுக்கி, எந்தக் கணக்குக்கு எவ்வளவு போனது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தான். இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். ஓர் இடத்தில் 'ஏமாந்த பெண்' என்று எழுதியிருந்தேன். அதை வெட்டி 'ஏமாற்றப்பட்ட பெண்' என்று மாற்றச் சொன்னார். பின்பு அந்த வசனமே தேவையில்லை என்று நான் எடுத்துவிட்டேன்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அக்கா முதலில் கையெழுத்து வைத்தார். அடுத்தது முன்பள்ளியில் வேலை செய்யும் பிள்ளை. மூன்றாவதாகக் கையெழுத்து வைக்க, வரமாட்டார் என்று நாங்கள் நினைத்திருந்த அவருடைய தங்கை சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார்.